கரையும்வரை வாய் திறக்கக் கூடாது

பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைக்காமல் அரைக்கக் கூடாது. இது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஆனால் இந்த ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. பழத்தை அப்படியே மிக்ஸியில் போடுவார்கள். அது திணறி நிற்கும்போது மேலே தண்ணீரை ஊற்றுவார்கள். கடைசியில் கூழாக வருவதை வழித்தெடுத்து, கோகோ பொடியைத் தூவி, ஆரோக்கியமான சாக்லேட் என்று பெயர் வைத்துவிடுவார்கள். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை. என் சமையலறையில் எனக்குத் தெரியாமல் எதுவும் எதிலும் கலந்ததில்லை. அதனால்தான் நானே உங்களைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன், திரு. நைலண்ட்.

நேற்று நீங்கள் என் வீட்டு வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியிடம் பேசுவதுபோல் பேசினீர்கள். "இதுல யாரையும் குத்தம் சொல்றதுக்கில்லைங்க, மார்லிஸ். சமையல்னா கை தவறத்தானே செய்யும். மனசப் போட்டு அலட்டிக்காதீங்க." கை தவறியது என்றீர்கள். நான் இருபது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்தவள். யாருக்கு உப்பு கூடாது, யாருக்குப் பால் கூடாது, யாருக்கு வேர்க்கடலை பக்கத்திலேயே வரக் கூடாது என்பதெல்லாம் என் கண்ணில் பட்ட பிறகுதான் தட்டு மாடிக்குப் போகும். ஒரு தட்டுகூட ஆள் மாறிப் போனதில்லை. என்னைப் போய்க் கை தவறியவள் என்கிறீர்கள். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

வகுப்பைப் பற்றி, அங்கே வருகிற லவோன் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னால் பாதி அழுகையும் மீதி மூக்குச் சிந்தலுமாகத்தான் இருந்திருக்கும். நானே சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமை மாலை ஓர் அறை சும்மாக் கிடந்தது. பாதிரியார் என்னிடம் வந்து, ஊரில் பலர் உடம்பைக் குறைக்கப் பார்க்கிறார்கள், எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள், சாக்லேட்டை மட்டும் விட முடியவில்லை என்கிறார்கள், நீங்கள் ஏதாவது செய்யக் கூடாதா என்று கேட்டார். அவருடைய மனைவியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சரி என்றேன்.

வந்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஒருத்தர்கூடச் சாக்லேட் தின்கிறேன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவகாடோவை மசித்துக் கோகோ சேர்த்துக் கிண்ணம் கிண்ணமாக அடைத்துக்கொள்வார்கள், கேட்டால் அது பழமாம். கறுப்பு பீன்ஸை அரைத்து பிரவுனி சுடுவார்கள், கேட்டால் அது பருப்பாம். ஆரோக்கியமானது என்று ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் போதும், ஒன்றோடு நிறுத்துகிறவர்கள் ஆறு தின்பார்கள். ஒரு தடவை லவோன் கோதுமைக்குப் பதிலாகச் சூரியகாந்தி விதை மாவில் கேக் சுட்டுக்கொண்டு வந்தாள். அந்த மாவோடு சோடா உப்புச் சேர்ந்தால் பச்சை ஏறும் என்பது அவளுக்குத் தெரியாது. வெட்டினால் உள்ளே பாசி பிடித்த மாதிரி பச்சை. யாராவது முகம் சுளித்தார்களா? இல்லை. "பச்சையா இருந்தா ஈரலுக்கு நல்லதும்பாங்க," என்றார் வென்டல். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர், எங்கள் வகுப்பின் ஒரே ஆண். எல்லோரும் தலையாட்டிக்கொண்டே தின்று முடித்தார்கள்.

முடித்தார்கள் என்று சொன்னது தவறு. இந்த ஊரில் யாரும் எதையும் முடிப்பதில்லை. நீங்களும் இங்கே பிறந்தவர்தான், உங்களுக்குத் தெரியும். தட்டில் கடைசித் துண்டு கிடக்கும். அதை எடுத்தால் பேராசைக்காரி என்று நினைத்துவிடுவார்கள். அதனால் ஒருத்தி அதைப் பாதியாக வெட்டி எடுப்பாள். அடுத்தவள் மீதியைப் பாதியாக்குவாள். கடைசியில் நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கு தட்டில் தனியாகக் கிடக்கும், எட்டுப் பேர் அதைப் பார்த்துக்கொண்டே கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். வாயில் எச்சில் ஊறும். ஆனால் கை நீளாது. அடுத்தவருக்குத் தொந்தரவாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் இவர்களுடைய ஒரே மதம். அந்தத் தேவாலயத்தில் வேறு எதையும் இவர்கள் உண்மையாக நம்பி நான் பார்த்ததில்லை.

நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. நல்ல கறுப்புச் சாக்லேட், அதில் ஒரு சதுரம். பைகளும் போன்களும் கோட்டுகளோடு மேலே கொக்கியில் மாட்டிவிட வேண்டும். கீழே வந்து வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, சதுரத்தை நாக்கின்மேல் வைக்க வேண்டும். மெல்லக் கூடாது. கரையும்வரை வாய் திறக்கக் கூடாது. நான் மணி அடிக்கும்போதுதான் கண்ணைத் திறக்கலாம். ஆசை என்பது மனதில் இல்லை, உடம்பில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன். அது நாக்கில் அரிக்கும், தொண்டையைப் பிடிக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், எழுந்து ஓடச் சொல்லும். ஓடாமல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஏறியது தானே இறங்கிப் போய்விடும். இது நல்ல முறை. பலருக்குப் பலன் கொடுத்திருக்கிறது. முறைமேல் பழி போடாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் மட்டும் திறந்திருப்பேன். யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா?

கோரின் இலையுதிர் காலத்தில் வந்தாள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். லவோன்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டு போகிறது, குறைத்துக்கொள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரிய உடம்பு. அதைவிடப் பெரிய சிரிப்பு. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிக்குத்தான் கஷ்டம் என்று அவளே சொல்லிவிட்டு, அவளே சிரிப்பாள். முதல் நாள் நான் விதிகளைச் சொல்லி முடித்ததும் கையைத் தூக்கினாள்.

"அப்ப கடைசி வரைக்கும் வாயே தொறக்கக் கூடாதா, டீச்சரம்மா?"

"கூடாது."

"இது மட்டும் எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, வாரத்துல ஏழு நாளும் என்னை இங்கேயே கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடுவாரு."

அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. வென்டலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

அன்றைக்கே சொன்னாள், தனக்குக் கொட்டை வகை எதுவும் ஆகாது என்று. பாதாம், வால்நட், ஹேசல்நட் எல்லாம். "சின்னப் புள்ளையில ஒரு தடவை ஊதிப்போயி ஆஸ்பத்திரில கெடந்தேன். அதுலேர்ந்து பையில அதுக்கான மருந்து ஊசி வச்சுக்கிட்டேதான் திரியறேன். உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?" நான் தலையாட்டினேன். இதில் என்ன இருக்கிறது? அந்த அறையில் ஏதாவது ஒன்று ஆகாது என்று சொல்லாத ஆளே கிடையாது. ஒருத்திக்குக் கோதுமை ஆகாது. ஒருத்திக்கு முட்டை ஆகாது. லவோனுக்குப் பால் ஆகாது, ஆனால் கோடையில் சந்தைத் திடலில் இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு அவளைப் பார்த்திருக்கிறேன். ஆகாது என்று சொல்வது இவர்களுக்கு நகை போட்டுக்கொள்கிற மாதிரி. பத்திரிகையில் புதிதாக ஒரு நோய் வந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்காவது அது வந்திருக்கும்.

நீங்கள் காரணம் கேட்கிறீர்கள். எல்லாக் காரியத்துக்கும் ஒரு காரணம் வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சொல்கிறேன்.

ஏரிக்கரைச் சாலையில் ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. முதல் பனி விழுந்திருந்த ஒரு சாயங்காலம் அங்கே காரை ஓரமாக நிறுத்தியிருந்தேன். சந்தைக்குப் புதிதாக ஒரு பால் சாக்லேட் வந்திருந்தது. அதைச் சுவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பு நடத்துகிறவள் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது மூன்றாவது என்பது உண்மைதான். ஒன்றை மட்டும் தின்று ஒரு பொருளைப் பற்றி முடிவுக்கு வர முடியாது. எனக்கு அந்த ஆசை என்பதே கிடையாது, அது போய் எத்தனையோ வருஷமாகிறது. அதைத்தான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். கோரின். பின்னால் ட்ரக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு அவள் புருஷன் கோர்டி நின்றிருந்தான். என் மடியில் காகிதங்கள் கிடந்தன. முகத்திலும் ஏதோ ஒட்டியிருந்திருக்க வேண்டும். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"வண்டி எதுவும் மக்கர் பண்ணுதோன்னு பாத்தேன், மார்லிஸ்," என்றாள். பிறகு மடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி வந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். அது வரவில்லை. "அட, விடுங்க. நாமளும் மனுஷங்கதானே," என்றாள். கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளே கையை நீட்டி என் தோளை ஒரு தட்டுத் தட்டினாள், பஸ்ஸில் அழுகிற குழந்தையைத் தட்டுவதுபோல. "குளிர் ஏறுது. கண்ணாடிய ஏத்திக்கங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவளாக இருந்தால் அவளை எதிர்த்து நிற்கலாம், பொய் என்று சொல்லிவிடலாம். இவள் சொல்லவே இல்லை. ஒவ்வொரு வாரமும் வந்து, என் முன்னால் உட்கார்ந்து, நான் ஆசையை வென்ற கதையைச் சொல்லும்போது அன்பாகத் தலையாட்டினாள். என்னை ஒருத்தி பாவம் பார்ப்பதா? அதுவும் நாற்காலி உடைகிற உடம்போடு ஒருத்தி?

பிறகு அவள் இளைக்க ஆரம்பித்தாள்.

புத்தாண்டு கழிந்து நடந்த முதல் வகுப்பு. லவோன் எழுந்து நின்று, விடுமுறையில் ஒரு பெட்டி சாக்லேட்டைத் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டதாகச் சொல்லி அழுதாள். வருஷா வருஷம் அழுவாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கோரின் குறுக்கே வந்தாள்.

"ஏன் லவோன் இப்படி உசிர விடுற? போனது போகட்டும். நான் என்ன பண்றேன்னு சொல்லட்டா? வாரம் பூரா ஒழுங்காச் சாப்பிடறேன், காய், மீன், அது இதுன்னு. சனிக்கிழமை ஆச்சுன்னா நானும் கோர்டியும் ட்ரக்கை எடுத்துக்கிட்டு ஏரிக்கரைக்குப் போயிடுவோம். சாதாரண பால் சாக்லேட்டு, பெட்டிக்கடைச் சரக்கு. ஆளுக்குப் பாதி. கதை பேசிக்கிட்டே தின்னுட்டு வீட்டுக்கு வந்துடுவோம். அவ்வளவுதான்."

"அப்புறம் ஆசையா இருக்காதா?" என்று கேட்டார் வென்டல்.

"நெனப்பே வர்றதில்ல. சர்க்கரை எறங்கிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஊரில் கலகம் இப்படித்தான் நடக்கும். யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். வகுப்பு முடிந்ததும் லவோன் என்னிடம் வந்து, கையைப் பிசைந்துகொண்டு, உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால், நீங்கள் தப்பாக நினைக்கவில்லையென்றால், ஒரே ஒரு வாரம் வகுப்புக்குப் பதிலாக எல்லோருமாக ஏரிக்கரைக்குப் போனால் என்ன என்றாள். ஒரே ஒரு வாரம். அதன் பிறகு யாரும் திரும்பி வர மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வகுப்பைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டாம்.

கோரின் கோட்டு மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்களும் வாங்க, மார்லிஸ். உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு நான் வாங்கிட்டு வரேன்."

கண்ணடித்திருக்கலாம். அடிக்கவில்லை. உண்மையாகவே வாங்கிக்கொண்டு வந்திருப்பாள், அப்படிப்பட்டவள் அவள்.

நான் சரி என்றேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு வகுப்பு. கடைச் சாக்லேட் வேண்டாம், என் கையால் செய்ததைக் கொண்டுவருகிறேன், கசப்பு இல்லாதது, உடம்புக்கும் கெடுதல் இல்லாதது என்றேன். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்தேன். நல்ல கோகோ, ஒரு சிட்டிகை உப்பு. சூரியகாந்தி விதை போடுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குப் பதிலாக ஹேசல்நட். அடுப்பில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் துண்டில் போட்டுத் தேய்த்துத் தோலை உரித்தேன். தோலோடு அரைத்தால் கசக்கும், நிறமும் காட்டிக்கொடுக்கும். பிறகு எண்ணெய் விடும்வரை அரைத்தேன். கை தவறியவள் தோல் உரிப்பாளா, திரு. நைலண்ட்? நீங்களே சொல்லுங்கள்.

அவளைச் சோதித்துப் பார்க்கத்தான் செய்தேன் என்று உங்களிடம் சொல்வதாக இருந்தேன். இங்கே வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊரில் பாதிப் பேர் பொய் நோயைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள், இவளும் அதில் ஒருத்தி என்று நினைத்தேன். ஒன்றும் ஆகாது, வகுப்பு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னால் இவள் மூக்கறுபட்டுப் போவாள் என்று நினைத்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நீங்களும் நம்பிவிடுவீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆனால் கிறிஸ்துமஸ் விருந்தில் நடந்தது உங்களுக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்திருந்தோம். யாரோ வால்நட் கேக்கை வெட்டிய கத்தியாலேயே அடுத்த தட்டையும் வெட்டிவிட்டார்கள். கோரின் ஒரு வாய்தான் வைத்தாள். உதடு தடித்துக் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. அவளே மேலே போய், ஊசியைப் போட்டுக்கொண்டு, கோர்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அடுத்த முறை வந்தபோது, "உங்க விருந்தையெல்லாம் கெடுத்துப்புட்டேன்," என்று ஒவ்வொருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு எது பொய் நோய், எது மெய் நோய் என்று தெரியாமல் போகுமா? தெரியும். சோதிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் இந்த ஊரின் லட்சணத்துக்கு ஏற்றபடிதான் நடந்தது. அவளை அடக்கம் செய்த மறுநாளே என் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். கோரின் வீட்டுக்குக் கொண்டுபோனதைவிட எனக்குத்தான் அதிகமாகக் கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறேன். உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட பதார்த்தங்கள், காளான் குழம்பு, பீன்ஸ் பிரவுனி. லவோன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க என்ன பண்ணுவீங்க, மார்லிஸ்? விதை வாங்கின கடையிலயே ஏதோ கலந்திருக்கும். உங்க மேல யாருக்கும் கோபமில்ல." ஒருத்திகூடச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படுவது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

கோர்டியும் வந்தான். உள்ளே வரவில்லை. பனி ஒட்டிய பூட்ஸோடு வந்தால் தரை நனைந்துவிடும் என்று வாசலிலேயே நின்றான். அவன் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தேவாலயத்துக்கு வெளியே ட்ரக்கில்தான் காத்திருப்பான். அன்றும் அங்கேதான் இருந்தான். முன்பெட்டியில் இன்னொரு ஊசி வைத்திருந்தானாம். எங்களுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு மாடிப்படிதான். அதை அவன் பலமுறை திருப்பித் திருப்பிச் சொன்னான். பிறகு கேட்டான்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்க. அவ பயந்தாளா?"

"இல்ல. அமைதியா உட்கார்ந்திருந்தா," என்றேன்.

"ரொம்ப நன்றிங்க," என்றான். எனக்கு நன்றி சொன்னான். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். இவர்களை என்னதான் செய்வது?

நீங்களும் அந்த மாடிப்படியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். இத்தனை பேர் இருந்த அறையில், இரண்டு ஊசிகள் கூப்பிடு தூரத்தில் இருக்க, அவள் ஏன் எழுந்து போகவில்லை? கிறிஸ்துமஸ் அன்றைக்குப் போனவள்தானே? உங்கள் கேள்வி நியாயமானது. அன்றைக்கு விருந்து, எல்லோரும் பேசிக்கொண்டும் நடமாடிக்கொண்டும் இருந்தார்கள். இது வகுப்பு.

தட்டை நீட்டியபோது கேட்டாள். "இதுல கொட்டை எதுவும் இல்லையே? கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க."

"சூரியகாந்தி விதைதான்," என்றேன்.

"லவோன் கேக்கு மாதிரி பச்சையா மாறிடாதே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சதுரத்தை எடுத்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் ஒதுக்கிவைத்த ஒன்றின் ருசி அவளுக்கு எப்படித் தெரியும்? நாக்கில் வைத்ததும் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருந்தேன்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். முதலில் அவள் உதட்டை விரலால் தேய்த்தாள். பிறகு கழுத்தைத் தடவினாள். ஸ்வெட்டருக்கு மேலே சிவப்பு ஏறிக்கொண்டு வந்தது. வாயை மூடியபடியே இருமினாள், மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி. நான் எல்லோருக்கும் பொதுவாக, எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். "அரிக்கும். தொண்டையப் பிடிக்கும். அது ஆசைதான். ஓடாதீங்க, அது தானாப் போயிடும்." பொதுவாகச் சொன்னேன் என்றாலும் யாரைப் பார்த்துச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

அப்போது அவள் கண்ணைத் திறந்தாள். அந்த அறையில் திறந்திருந்தவை எங்கள் இரண்டு பேர் கண்கள்தான். என்னைப் பார்த்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கோர்டி கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பயந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், நான் வேண்டுமென்றே ஹேசல்நட் போட்டதைத் தவிர. அது என்மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கை. யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு, சத்தம் போட்டுக்கொண்டு படியேறியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் எத்தனை பேர் கண்ணை மூடி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் ஏற்கெனவே ஒரு விருந்தைக் கெடுத்தவள். அதனால் என்னிடம் அனுமதி கேட்டாள். வாயால் இல்லை, கண்ணால்.

நான் உதட்டின்மேல் விரலை வைத்தேன். பிறகு கையைத் தாழ்த்தி, உட்காரும்படி காட்டினேன். சிரித்த முகத்தோடுதான் காட்டினேன்.

உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். மணி என் மடியிலேயே இருந்தது, அவள் கைகள் தளர்ந்த பிறகுதான் அதை எடுத்தேன். இதைத்தான் நீங்கள் கை தவறியது என்றீர்கள்.

கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்தவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். தாடை அசைந்ததை நான் பார்த்தேன்.